கொண்டச்சிச் சல்லடையும் குறியீட்டுச் சட்டகமும்

மக்கள் கருத்தை அறிய விரும்புவோர் கையாளும் வினாக்கள் இருவகைப்படும். விடைகளை முன்னரே வகுத்துக் கொடுத்து, அவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுக்குமாறு கேட்பது ஒருவகை. விடையிறுப்போர் தம் சொல்லாலேயே தம் கருத்தைக் கூறுமாறு விடுவது மற்றொரு வகை. முன்னையது மூடிய வினா; பின்னையது திறந்த வினா. மூடிய வினாவின் விடை எண்ணுதற்கு எளிது. ஆயின் வினவுவோர் நினையாத ஒன்றை அது வெளிக்கொணராது. திறந்த வினாவின் விடை வளமுடையது. ஆயின் ஆயிரம் பேர் ஆயிரம் விதமாகக் கூறியவற்றைத் தொகுத்து ஒரு முடிவுக்கு வருதல் அரிது. அவ்வருமையைக் குறைத்தற்பொருட்டு, ஒவ்வொரு விடையையும் படித்து, அஃது எவ்வகையின்பாற்படும் எனத் துணிந்து, அவ்வகைக்குரிய எண்ணை இடும் முறை ஏற்பட்டது. இதனைக் குறியிடல் என்பர். வகைகளை வரையறுத்துக் காட்டும் பட்டியல் குறியீட்டுச் சட்டகம் ஆகும்.

ஒவ்வோர் ஆய்வுக்கும் ஒவ்வொரு சட்டகம் புதிதாக வகுக்கப்படின் இரண்டு கேடுகள் விளையும். முதலாவது, ஒருவர் செய்த வேலையையே பிறரும் மீண்டும் செய்து காலத்தை வீணாக்குவர். இரண்டாவது, ஓராண்டின் முடிபை மற்றோராண்டின் முடிபோடும், ஓரூரின் முடிபை மற்றோரூரின் முடிபோடும் ஒப்பிட இயலாது போகும். இக்கேடுகளை நீக்கவே மீளமீளப் பயன்படும் பொதுச் சட்டகம் வேண்டப்படுகிறது. தொழிலைப் பற்றிய வினாவுக்கு இத்தகைய சட்டகம் உலகளாவிய முறையில் அமைந்துளது. சர்வதேசத் தொழில் தாபனத்தின் தொழில்வகைப் பாகுபாடு 1958 ஆம் ஆண்டில் முதன்முதல் நூல்வடிவு பெற்றது. 2008 ஆம் ஆண்டின் திருத்தத்தில் 10 பெரும்பிரிவுகளும் 436 அலகுப்பிரிவுகளும் உள்ளன. நல்லிணக்கப் பொறிமுறைகளைப் பற்றி இலங்கை மக்களின் கருத்தறிய 2016 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட கலந்தாலோசனைச் செயலணிக்கு 7306 கருத்துரைகள் கிடைத்தன. இத்துணைப் பெருந்தொகையான சொற்களைச் சட்டகமின்றி ஒருவர் மனத்தில் இருத்தி நியாயமான முடிபு கூறுவார் என எதிர்பார்த்தல் இயலாது. ஆதலின், சட்டகம் வேண்டுமா என்பதன்று இங்கு ஆராயத்தக்க வினா. எத்தகைய சட்டகம் வேண்டும் என்பதே ஆராயத்தக்கது.

பலவகைப்பட்ட பொருள்களை நிலையான வகைப்பெயர்களால் பிரித்தெழுதும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. முதலாம் இராசராசனின் 29 ஆம் ஆட்சியாண்டைச் சார்ந்த தஞ்சைப் பெரிய கோயிற் சாசனங்கள், இறைவனுக்கு அளிக்கப்பட்ட அணிகலன்களிற் கோக்கப்பெற்ற முத்துக்களை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி, குளிர்ந்த நீர், சிவந்த நீர் முதலாகப் பகுத்துரைக்கின்றன. அணிகலன் மாறினும் வகைப்பெயர் மாறுவதில்லை. ஒருவர் எழுதியதைப் பின்வருவோர் சரிபார்த்தற்கு ஏற்ற பொதுச் சட்டகம் அது.

மன்னார்க் கடலோரத்தில், அரிப்புக்கும் சிலாவத்துறைக்கும் அணித்தாயுள்ள கொண்டச்சி, முத்துக்குளிப்பாற் புகழ்பெற்றது. கொண்டச்சிக் குடாவின் முத்துக்குளிப்பை ஜேம்ஸ் கோடினர் 1807 ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் விரித்துரைத்துள்ளார். இக்கரையில் எடுக்கப்பெற்ற முத்துக்களைத் தரம்பிரித்த முறை குறிக்கத்தக்கது. கிண்ணம் போன்ற பித்தளைச் சல்லடைகள் பத்து வரிசையாகக் கையாளப்பட்டன. முதற் சல்லடைக்கு 20 துளைகள். பின்னர் 30, 50, 80, 100, 200, 400, 600, 800 என ஏறி, இறுதிச் சல்லடைக்கு 1000 துளைகள். துளைகளின் தொகை ஏற ஏறத் துளையின் அகலம் குறையும். இவ்வாறு பருமனாற் பிரிந்த ஒவ்வொரு கூட்டத்தையும் பின்னர்க் கண்ணாற் பார்த்து, உருட்சியும் ஒளியும் நோக்கி, ஆணி முதலாகக் கலிப்பு, மடங்கு, குறுவல், தூள் எனத் தரம்பிரித்தனர். அதன்பின்னரே நிறை கண்டு விலை மதித்தனர்.

இம்முறையிற் குறியிடுவோர் கற்கத்தக்கவை மூன்று உள. ஒன்று: சல்லடை பருமனை மட்டுமே அளந்தது, ஒளியை அளப்பதாக அது பாவனை செய்யவில்லை. கருவியால் தீர்மானிக்கத்தக்கதும் கண்ணால் தீர்மானிக்கத்தக்கதும் தனித்தனியே வைக்கப்பட்டன. இரண்டு: மிகச் சிறிய தூளுக்கும் ஒரு பெயர் இருந்தது, வகையுள் அடங்காதது எனக் கழித்துவிடப்பட்டது சிறிதே. மூன்று: பிரித்தபின்னும் முத்து முத்தாகவே கையில் இருந்தது. ஐயமுறுவோர் மீண்டும் சலித்துப் பார்க்கலாம். முத்து கையிலுள்ளமட்டும் சல்லடையின் பிழை திருத்தத்தக்க பிழையே.

மக்களின் சொல் முத்தைப் போன்றதன்று. சட்டகத்தில் இட்டு எண்ணாக்கியபின் சொல் பெரும்பாலும் எறியப்படுகிறது, எண்ணே எஞ்சுகிறது. இதனால் விளையும் இடர்ப்பாட்டைக் காண்டற்குக் கொண்டச்சியும் அதனைச் சூழ்ந்த முசலிப் பிரதேசமுமே தக்க எடுத்துக்காட்டாகும். 1990 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாத இறுதியில் தமிழீழ விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை அவர்தம் வாழிடங்களினின்றும் வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 மக்கள் இவ்வாறு அகன்றனர். முசலி மக்களுட் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் இரண்டு பதிற்றாண்டுகள் வாழ நேர்ந்தது. போர் முடிவுற்ற 2009 ஆம் ஆண்டின்பின் மீள்குடியேற்றம் தொடங்கிற்று. மீண்டோரையும் மீளாதோரையும் நோக்கி ஆய்வாளரும் அலுவலரும் வினாக்கொத்துகளுடன் சென்றனர்.

விளக்கத்தின்பொருட்டு ஒரு திறந்த வினாவை எடுத்துக்கொள்க: “சொந்த ஊரில் நிலையாகக் குடியேறுதற்குத் தடையாயிருப்பது யாது?” பிறவிடங்களில் ஆக்கப்பட்ட பொதுச் சட்டகமொன்று இதற்கு ஆறு வகைகளை வைத்திருப்பதாகக் கொள்வோமாயின், அவை பாதுகாப்பு, வீடு, தொழில், கல்வி, காணி, மற்றவை என அமையும். இப்பொழுது ஐவர் விடையிறுக்கின்றனர். “உறுதியும் அனுமதிப்பத்திரமும் தொலைந்துபோயின” என்கிறார் ஒருவர். “பற்றை வெட்ட வசதியில்லை” என்கிறார் மற்றொருவர். “எங்கள் காணி காட்டுக்குள் எல்லையிடப்பட்டுவிட்டது” என்கிறார் மூன்றாமவர். “காணி கடற்படை முகாமுக்குள் இருக்கிறது” என்பது நான்காமவர் கூற்று. “போகும்போது ஒரு குடும்பம், திரும்பும்போது ஐந்து குடும்பம், காணி ஒன்றுதான்” என்பது ஐந்தாமவர் கூற்று. சட்டகத்தின்படி ஐவர்க்கும் ஒரே குறியீடு: காணி.

குறியிட்டவர் பிழை செய்தாரல்லர்; சட்டகத்தை அவர் ஒழுங்காகவே பின்பற்றினார். ஆயினும் ஐவர் குறையையும் தீர்க்கவல்ல அலுவலகம் ஒன்றன்று. முதலாவது காணிப் பதிவகத்தையும் பிரதேச செயலகத்தையும் சார்ந்தது. இரண்டாவது சிறுதொகைப் பணவுதவியாலே தீரும். மூன்றாவது வனத்துறையைச் சார்ந்தது. நான்காவது பாதுகாப்பு அமைச்சைச் சார்ந்தது. ஐந்தாவதற்குப் புதிய நிலப் பங்கீடே வழி. “நூற்றுக்கு இத்தனை பேர்க்குக் காணிப் பிரச்சினை உண்டு” என அறிக்கை முடியுமாயின், அதனைப் படிக்கும் ஒவ்வோர் அலுவலகமும் அது பிறர் கடமை எனக் கருதி வாளாவிருத்தல் கூடும். ஐந்து தெளிவான வேண்டுகோள்கள் யாரும் பொறுப்பேலாத ஒரே எண்ணாக மாறிவிடுகின்றன.

இன்னும் நுண்ணிய இடர் ஒன்றுண்டு. “எங்கள் காணி காடாகிவிட்டது” என ஒருவர் கூறின், அதன் பொருள் யாது? இருபதாண்டு மக்களற்றுக் கிடந்தமையால் மரஞ்செடி வளர்ந்துவிட்டது என்பது ஒரு பொருள். மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதிகளிற் காடுகள் 2012 ஆம் ஆண்டில் வர்த்தமானி அறிவித்தலால் ஒதுக்கக் காடுகளாக்கப்பட்டன; 2017 ஆம் ஆண்டில் மாவில்லு என்னும் பெயரால் பேணற்காடும் அறிவிக்கப்பட்டது. ஆகவே, சட்டத்தாற் காடாக்கப்பட்டது என்பது மற்றொரு பொருள். முன்னைய பொருளுக்குக் கத்தியும் கோடரியும் தீர்வு. பின்னைய பொருளிற் கோடரி எடுத்தல் குற்றம். ஊரையும் ஆண்டையும் அறிந்த குறியிடுவோர் இவ்விடத்து நின்று ஐயுறுவர். அறியாதோர் “துப்புரவு தேவை” எனக் குறியிட்டு அடுத்த விடைக்குச் செல்வர். விடைகளை முதலில் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, அம்மொழிபெயர்ப்பின்மேற் குறியிடும் வழக்கம் இவ்விடரை மிகுவிக்கிறது. மொழிபெயர்ப்பாளர் இரு பொருளுள் ஒன்றைத் தெரிந்துவிடுவராதலின், குறியிடுவோர்க்கு ஐயுறும் வாய்ப்பே இல்லாது போகும். “வெளியேற்றினார்கள்” என்பதும் “இடம்பெயர்ந்தோம்” என்பதும் “போர் காரணமான இடப்பெயர்வு” என ஒன்றாய்விடின், செய்தவர் மறைந்து செயல் மட்டும் எஞ்சும். வடமாகாண முஸ்லிம்களின் வெளியேற்றத்தைப் பற்றிய குடிமக்கள் ஆணைக்குழுவின் அறிக்கை 2011 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அம்மக்களின் வரலாறு தனிநூலாக எழுதப்பட வேண்டியிருந்தமையே, பொதுவகைப் பெயர்களுள் அஃது அடங்காமையைப் புலப்படுத்தும்.

வகைப்பெயர் வெறும் பெயரன்று என்பதற்குப் போரின் பின் வழங்கிய ஒரு பாகுபாடே சான்று. 2008 ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்துக்கு முன் இடம்பெயர்ந்தோர் “பழையோர்” எனவும், அதன்பின் இடம்பெயர்ந்தோர் “புதியோர்” எனவும் பகுக்கப்பட்டனர். அவசர நிலைமையை நோக்கி ஆக்கப்பட்ட அப்பாகுபாட்டிற்கு அக்காலத்தில் நியாயம் இருந்தது. ஆயின் உதவி வழங்கலிற் புதியோர்க்கே முதன்மை கிடைத்தது. 1990 ஆம் ஆண்டில் அகன்றோர் பழையோர் என்னும் பெயரின்கீழ்ப் பின்னிற்க நேர்ந்தது. ஒரு தேவைக்கென அமைந்த சட்டகம் மற்றொரு தேவைக்கும் மீளப் பயன்படுமிடத்து நிகழத்தக்கது இதுவே.

சட்டகத்தைப் போற்றுவோர் இதற்கு ஒரு விடை கூறுவர். இருவர் தனித்தனியே குறியிட்டு உடன்பாடு கண்டால் முடிபு நம்பத்தக்கது என்பர். தற்செயலாக ஏற்படும் உடன்பாட்டைக் கழித்து எஞ்சியதை அளத்தற்கு ஜேக்கப் கோகன் 1960 ஆம் ஆண்டில் கப்பா என்னும் அளவையை வகுத்தார். நூறு விடைகளில் எண்பதில் இருவரும் உடன்பட்டனர் என்க. இரு வகைகளே உள. ஒவ்வொருவரும் எழுபது விடைகளை முதல் வகையில் இட்டனர் என்க. தற்செயலாகவே நூற்றுக்கு 58 உடன்பாடு நேரும். எஞ்சிய 42இல் உண்மையான உடன்பாடு 22, கப்பா 0.52 ஆகும். எண்பது எனக் கேட்டு மகிழ்ந்தோர் இதனைக் கண்டு நிதானமடைவர். இவ்வளவை பயனுடையதே. ஆயின் அஃது அளப்பது இருவர் ஒருமைப்பாட்டை, உண்மையை அன்று. ஒரே குறையுள்ள சட்டகத்தில் நன்கு பயின்ற இருவர் முற்காட்டிய ஐவரையும் “காணி” என்றே குறிப்பர். உடன்பாடு முழுமையுறும், உண்மை முழுவதும் மறையும்.

இக்குறைகளைக் கண்டு சட்டகமே வேண்டா எனக் கூறுவாரும் உளர். அவர் கொள்கை ஏற்கத்தக்கதன்று. எழுதப்பட்ட சட்டகம் இல்லாதவிடத்துப் படிப்போர் மனத்தில் எழுதப்படாத சட்டகம் ஒன்று தொழிற்படும். எழுதப்பட்டதைப் பிறர் கண்டு மறுக்கலாம். எழுதப்படாததை மறுக்க வழியில்லை. கிராப்ட்ரீ, மில்லர் ஆகியோர் 1992 ஆம் ஆண்டில் விளக்கியதும், பின்னர் நைஜல் கிங் விரித்ததுமான சட்டக முறை இங்குக் கருதத்தக்கது. சில வகைகளை முன்னரே கொண்டு தொடங்கி, விடைகளைப் படிக்கப் படிக்க அவற்றைத் திருத்தியும் பிரித்தும் செல்லுதல் அம்முறையின் இயல்பு. சட்டகம் என்பது முடிந்த பொருளன்று, திருந்திக்கொண்டே செல்வது என்பது அதன் உட்கிடை.

ஆகவே, பொதுமையாக்க வேண்டியது எது, இடத்துக்கு விடவேண்டியது எது என வரையறுத்தலே தீர்வாம். பெருவகைகள் எவ்விடத்தும் ஒன்றாயிருக்கலாம். காணி எனின் எங்கும் காணியே. அதன்கீழ் வரும் உட்பிரிவுகள் அவ்வவ்வூரில் முன்னோடி ஆய்வாற் பெற்ற விடைகளினின்றும் ஆக்கப்படல் வேண்டும். எண்ணிக்கையை ஒப்பிட விரும்புவோர் பெருவகையை எடுப்பர். செயற்பட விரும்புவோர் உட்பிரிவை எடுப்பர். ஒவ்வொரு வகைக்கும் அதன் இலக்கணமும், அதனுள் அடங்குவதும், அடங்காததும், மக்கள் சொல்லிலேயே எடுத்துக்காட்டும் எழுதப்படல் வேண்டும். ஒரு விடையில் இரு கருத்து இருப்பின் இரு குறியீடு இட இடமளித்தல் வேண்டும். வாடைக்காலத்து ஒரு தொழிலும் சோளகக்காலத்து மற்றொரு தொழிலும் செய்யும் கரையோர மக்களிடை இஃது இன்றியமையாதது. “மற்றவை” பெருகுமாயின், அதனை மக்களின் குழப்பம் எனக் கொள்ளாது சட்டகத்தின் குறை எனக் கொள்ளல் வேண்டும். சட்டகம் திருத்தப்பட்ட நாளும் காரணமும் குறிக்கப்படல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆளைக் காட்டும் அடையாளங்களை நீக்கி, மக்கள் கூறிய சொல் கூறியவாறே பேணப்படல் வேண்டும்.

பணமும் காலமும் குறுகிய ஆய்வுகளுக்கு இவையனைத்தும் எளிதல்ல என்பது உண்மை. ஆயினும் இறுதியிற் கூறியது ஒன்றையேனும் கைவிடலாகாது. சொல் பேணப்பட்டிருப்பின், இன்று ஒரே குறியீட்டில் அடங்கிய ஐவரையும் நாளை வருபவர் மீண்டும் பிரித்தறிய இயலும். சொல் எறியப்பட்டிருப்பின், எத்துணை நுண்ணிய சட்டகம் பின்னர் ஆக்கப்படினும் அதில் இடுதற்கு ஒன்றும் இராது. சல்லடையின் துளையைத் திருத்துதல் அறிஞர் கடன். அதற்குமுன் முத்தை இழவாது காத்தல் அனைவர்க்கும் கடனாம்.