காலைக் கட்டிப்போட முடியாத நாற்பது நிமிடம்

ஹெட்போனை மாட்டுங்கள். சத்தத்தைக் கூட்டுங்கள். இன்னும் கொஞ்சம். ஆங், இப்போது ‘டாக்கிங் ஹெட்ஸ்’ குழுவின் ‘ரிமெய்ன் இன் லைட்’ ஆல்பத்தைத் தட்டிவிடுங்கள்.

முதல் பாட்டு ‘பார்ன் அண்டர் பஞ்சஸ்’. எடுத்த எடுப்பிலேயே தாளம் கொதிக்கிறது! டீனா வேமத்தின் பேஸ் விட்டுவிட்டு வந்து நேராக இடுப்பில் இடிக்கிறது, ஒரு காதில் கிடார் சுரண்ட மறு காதில் இன்னொன்று பதில் சொல்கிறது, நடுவில் டேவிட் பர்ன் மூச்சு முட்டப் பேசுகிறார், பாடுகிறார், கத்துகிறார். அப்போது வருகிறது பாருங்கள் விருந்தினராக வாசித்த கிடார் கலைஞர் ஏட்ரியன் பெலூவின் சோலோ! கிடாரா அது? ஏதோ மின்கருவிக்குக் கிறுக்குப் பிடித்துக் கீச்சிடுகிறது. முதன்முதலில் கேட்டபோது வாய்விட்டுச் சிரித்தேன், அவ்வளவு சந்தோஷம்.

நியூயார்க்கின் சிபிஜிபி கிளப்பில் ஒல்லியான, விறைப்பான ராக் வாசித்துக்கொண்டிருந்த நால்வர் இவர்கள். நைஜீரிய இசைக்கலைஞர் ஃபேலா குட்டியின் ‘அஃப்ரோடிசியாக்’ ஆல்பம் இவர்களையும் தயாரிப்பாளர் பிரையன் ஈனோவையும் ஆட்டிப்படைத்துவிட்டது. 1980-இல் பஹாமாஸின் நசாவ் நகர ஸ்டூடியோவுக்குக் கையில் பாட்டே இல்லாமல் போனார்கள். ஒரு தாளத்தைப் பிடிப்பது, வாசித்துக்கொண்டே இருப்பது, நன்றாக வந்த துண்டைத் திரும்பத் திரும்ப வாசித்து அதன்மேல் இன்னொன்றை அடுக்குவது, பாட்டுவரி எல்லாம் அப்புறம்! கிடாரின் கார்டு (chord) மாறுமா என்று காத்திருந்தால் பெரும்பாலும் மாறவே மாறாது. வாத்தியங்கள் சேர்வதும் விலகுவதும்தான் நகர்வு. ஆளுக்கொரு கை கொடுத்துத் தேர் இழுப்பதுபோல, யாரும் தனியாக முன்னே நிற்கவில்லை, ஆனால் மொத்தமும் நகர்கிறது!

இருங்கள், ‘தி கிரேட் கர்வ்’ பற்றிச் சொல்லாமல் விட மாட்டேன். நினைத்துப் பாருங்கள், கிறிஸ் ஃபிரான்ட்ஸின் டிரம்ஸ் தலைதெறிக்க ஓடுகிறது, அதன்மேல் கைத்தாளங்கள், அதன்மேல் ஒரு குரல் வரிசை, அது முடியுமுன்னே வேறொன்று, அதற்குக் குறுக்கே மூன்றாவது, விருந்தினராகப் பாடிய நோனா ஹென்ட்ரிக்ஸின் குரலும் அதில் கலந்து ஏறுகிறது, எதைப் பிடிப்பது எதை விடுவது என்று மனசு திணற, பித்தளை வாத்தியங்கள் வெடிக்க, அடேயப்பா, இனி மேலே போக இடமே இல்லை என்று நினைக்கும்போது பெலூவின் கிடார் பிளிறிக்கொண்டு நுழைகிறது, ஒருமுறை அல்ல, இரண்டுமுறை! என் கண்ணில் தண்ணீரே வந்துவிடும். பஸ்ஸில் இதைக் கேட்டுத் தொடையில் தாளம் போட்டிருக்கிறேன், பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தும் நிறுத்த முடியவில்லை, நிறுத்த மனசும் வரவில்லை, இந்த ஃபங்க் தாளம் உடம்புக்குள் புகுந்தபிறகு கை நம் பேச்சைக் கேட்குமா என்ன!

மறுபக்கத்தைத் திருப்பினால் ‘ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்’. சிந்தசைசர் குமிழி குமிழியாகப் பொங்க, வானொலிப் பிரசங்கியார் தொனியில் பர்ன் கேள்விமேல் கேள்வி அடுக்குகிறார். வந்து சேர்ந்த வாழ்க்கையைப் பார்த்துத் திகைக்கிற மனிதனின் கேள்விகள். திகிலும் ஆட்டமும் ஒரே பாட்டில்! ‘ஹவுசஸ் இன் மோஷனில்’ ஜான் ஹாசலின் டிரம்பெட், அதற்கு ஒரு தனிக் கும்பிடு. கடைசியில் வரும் ‘தி ஓவர்லோட்’ கொஞ்சம் இழுவைதான், சரி, இத்தனை ஆட்டத்துக்குப் பிறகு மூச்சு வாங்க வேண்டாமா?

மேடையில் இதை வாசிக்க நால்வர் போதவில்லை. பார்லியமென்ட்-ஃபங்கடெலிக்கின் பெர்னி வோரல் கீபோர்டுக்கு வந்தார், குழு இரண்டு மடங்குக்குமேல் பெருத்தது. 1984-இல் வந்த ‘ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்’ என்ற இவர்களின் கச்சேரிப் படத்தில் அவர் சிரித்துக்கொண்டே வாசிப்பதைப் பாருங்கள்.

அதோடு விடாதீர்கள். பெனின் நாட்டின் ஆஞ்செலிக் கிட்ஜோ 2018-இல் இந்த ஆல்பத்தை முழுசாகத் தன் குரலில் மறுபடி பாடியிருக்கிறார். அதில் டிரம்ஸ் வாசித்திருப்பவர் யார் தெரியுமா? டோனி ஆலன்! ஃபேலா குட்டிக்கு டிரம்ஸ் வாசித்த அதே டோனி ஆலன்!