அனிதா லூஸின் எழுத்து நகை

அமெரிக்கத் திரைக்கதையின் தொடக்கக் கால ஆசிரியருள் அனிதா லூஸ் குறிப்பிடத்தக்கவர். பேசாப் படத்திற் பயின்ற அவர்தம் கை பின்னர் நாடகத்தில் முதிர்ந்தது எனக் கொள்வது எளிது. யாம் அதற்கு உடன்படோம். அவர்தம் தனித்திறன் செவிக்கன்றிக் கண்ணுக்கே உரிய சொல்லிற் பிறந்தது. மேடையேறியபோது அதன் சிறந்த கூறு ஒன்று நழுவிற்று என்பதே எம் கருத்து.

1912-இல் கிரிபித் இயக்கிய 'நியூயார்க் தொப்பி' லூஸின் கதை. இறக்கும் தாயொருத்தி, தன் மகட்குச் சிறு அணிபொருள்கள் வாங்கித் தருமாறு ஊர்ப் பாதிரியாரிடம் சிறுதொகையை ஒப்படைக்கின்றாள். அவர் வாங்கித் தந்த விலைமிக்க தொப்பியால் அலர் எழுகின்றது. (அகப்பொருட் சொல்லாயினும் ஈண்டு இதுவே பொருந்தும்.) அவ்வலரை அடக்குவது யாது? தாய் எழுதிய கடிதமே. பேசாப் படத்தில் எழுத்தே வினை முடிக்கக் காண்கின்றோம்.

1916-இல் டக்ளஸ் பேர்பாங்க்ஸ் நடித்த படங்கட்கு லூஸ் வரைந்த இடைத்தலைப்புகள் இன்னும் ஒருபடி மேற்சென்றன. காலமும் இடமும் அறிவித்தலோடு அமையாது, காட்சியை எள்ளி நகைக்கும் குரலாகவே அவை அமைந்தன.

இப்பயிற்சியின் கனியே 1925-இல் நூலாக வெளிவந்த 'ஆடவர் விரும்புவது பொன்னிறக் கூந்தலாரை' என்னும் புதினம். லோரலை என்பாளின் நாட்குறிப்பு அது. அவள் ஈபெல் கோபுரத்தின் பெயரைக் 'கண்ணிறைந்த கோபுரம்' எனப் பொருள்படப் பிழையாக எழுதுகின்றாள். ஆங்கிலத்தில் இரண்டும் ஏறத்தாழ ஓரொலியின. வேறுபாடு எழுத்திலேயே உளது. 1926-இல் ஜான் எமர்சனுடன் இணைந்து லூஸ் அதனை நாடகமாக்கியபோது, நடிகை வாய்மொழியில் அப்பிழை எங்ஙனம் புலப்படும்? கதை எஞ்சியது, நகையின் வேர் எஞ்சவில்லை.

லூஸுக்கு உரையாடல் வாராது என்பது எம் கூற்றன்று. 1932-இல் வெளிவந்த 'செங்கூந்தற் பெண்' என்னும் பேசும் படமும், 1946-இல் ஹெலன் ஹேய்ஸ் நடித்த 'பிறந்தநாள் வாழ்த்து' நாடகமும் அதனை மறுக்கும். ஆயின் அவை பிறரும் எழுதவல்ல நல்லுரையாடல். 1951-இல் மேடையேறிய 'ஜீஜி'யோ பிரெஞ்சு ஆசிரியை கொலெத்தின் கதை.

அப்புதினம் 1928-இல் பேசாப் படமாகவும் எடுக்கப்பெற்றது. லோரலையின் எழுத்துப் பிழைகள் திரையிலேயே எழுத்தாக நின்றிருத்தற்கு இடமிருந்த வடிவம் அஃதொன்றே. அப்படத்தின் படி ஒன்றேனும் இன்று எஞ்சவில்லை.