நிக்கான் இசட்5-இன் இரண்டாம் வரவு

நிக்கான் 2025 ஏப்ரலில் இசட்5 கேமராவின் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் அறிமுக விலை, லென்ஸ் இல்லாமல், சுமார் 1,700 டாலர். சின்னத் தொகையல்ல. ஆனாலும் ஃபுல் ஃபிரேம் உலகில் இதைக் கட்டுப்படியான விலை என்றே சொல்வேன்.

என்னை ஈர்ப்பது இதன் ஃபோகஸ். ஒரு குத்துவிளக்கின் வெளிச்சம் மட்டும் உள்ள இடத்திலும் கண்ணைத் தேடிப் பிடிக்கும் திறமை இதற்கு உண்டு. நிக்கானின் விலை உயர்ந்த இசட்9-இல் உள்ள எக்ஸ்பீட் 7 பிராசசரே இதிலும் இருக்கிறது. 24.5 மெகாபிக்சல் சென்சார் 36-க்கு 24 மில்லிமீட்டர் அளவு. பழைய ஃபிலிம் சுருளின் ஒரு சட்டத்துக்குச் சமம்; ஃபுல் ஃபிரேம் என்பது இதைத்தான். அதனால் வெளிச்சம் குறைவான இடத்தில் ஐ.எஸ்.ஓ.வை ஓரளவு கூட்டினாலும் முகத்தின் நிறம் அவ்வளவாகக் கெடுவதில்லை. கை நடுக்கத்தைத் தாங்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. எஸ்.டி. கார்டுக்கு இரண்டு இடம். ஒரு கார்டு கெட்டாலும் இன்னொன்றில் படம் இருக்கும்படி வைக்கலாம் என்பதால், கல்யாணம் எடுப்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

குறை இல்லாமல் இல்லை. சென்சார் தகவலை மெதுவாகவே வாசிக்கிறது. ஓசையில்லா ஷட்டரில் வேகமாக ஓடுபவரை எடுத்தால் உருவம் சாயும். 4கே வீடியோவை 60 ஃபிரேமில் எடுத்தால் காட்சியின் ஓரங்கள் வெட்டுப்படும். நிக்கானின் பழைய ஏ.எஃப்.-டி லென்ஸ்களை எஃப்.டி.இசட். அடாப்டரில் மாட்டலாம், ஆனால் ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும்.

வாங்குபவருக்கு ஒரு யோசனை: விலை உயர்ந்த கேமராவுக்குப் போகாமல் மிச்சமாகும் பணத்தில் 40 மி.மீ. எஃப்/2 லென்ஸை வாங்குங்கள்.