மேலிருந்து பார்த்த கேமரா

இசைப் பத்திரிகை அட்டைகளில் பெரும்பாலும் க்ளோசப்தான். கடையில் வரிசையாகத் தொங்கும் இதழ்களுக்கு நடுவே வாங்குபவரை நிறுத்த ஒரு முகமும் நேர்ப்பார்வையும் போதும். கிட்டாரும் தெரிய வேண்டுமென்றால் மிட் ஷாட். இந்தக் கணக்கையே ஒதுக்கிவிட்ட ஓர் அட்டை எனக்கு இன்றுவரை அலுக்கவில்லை: ‘ரோலிங் ஸ்டோன்’, 1981 ஜனவரி 22.

1980 டிசம்பர் 8 அன்று, நியூயார்க்கின் டகோட்டா கட்டடத்தில் ஜான் லெனனும் யோகோ ஓனோவும் வசித்த வீட்டில் ஆனி லீபோவிட்ஸ் எடுத்த படம் அது. பத்திரிகைக்கு வேண்டியிருந்தது லெனன் மட்டும்தான். மனைவியும் இருந்தாக வேண்டும் என்றார் அவர். இருவரையும் ஆடையின்றி எடுக்கத்தான் லீபோவிட்ஸ் நினைத்திருந்தார். யோகோ மேலாடையை மட்டும் கழற்றுகிறேன் என்றதும், வேண்டாம், எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்றுவிட்டார். அந்த நொடியில் எடுத்த முடிவு அபாரமானது.

கேமரா மேலிருந்து பார்க்கிறது. அறை இல்லை, சுவர் இல்லை, நாற்காலி இல்லை, தரையே பின்னணி. உடுத்திய உடையோடு மல்லாந்து கிடக்கிறார் யோகோ, கூந்தல் விரிந்திருக்கிறது. அவர்மேல் நிர்வாணமாகச் சுருண்டு, கண்மூடிக் கன்னத்தில் முத்தமிடுகிறார் லெனன், தாயை இறுக்கிக்கொண்டு தூங்கும் பிள்ளையைப் போல. யோகோவின் பார்வை வேறெங்கோ இருக்கிறது.

க்ளோசப்பாக எடுத்திருந்தால் வெறும் முத்தம்தான் மிஞ்சியிருக்கும். அந்த முத்தம் ஏற்கெனவே இருவரின் ‘டபுள் ஃபேன்டஸி’ ஆல்பத்தின் உறையில் இருக்கிறது. கிஷின் ஷினோயாமா எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். லீபோவிட்ஸுக்குத் தூண்டுதலே அதுதான். அவர் பின்னுக்குப் போய் உடம்பை முழுசாக உள்ளே கொண்டுவந்தார். என்னைக் கேட்டால், படத்தின் உயிர் லெனனின் மடங்கிய முழங்காலில் இருக்கிறது. மிட் ஷாட்டில் அது வெட்டுப்பட்டிருக்கும். பக்கவாட்டிலிருந்து எடுத்திருந்தால் படுக்கையறைக் காட்சி ஆகியிருக்கும். மேலிருந்து பார்ப்பதால் காமம் விலகி, ஒருவரை ஒருவர் பற்றியிருக்கும் வடிவம் மட்டும் நிற்கிறது.

படம் எடுத்த அன்றிரவே லெனன் சுட்டுக் கொல்லப்பட்டார். அட்டையில் பத்திரிகையின் பெயர் தவிர வேறு தலைப்பு எதுவும் வைக்கவில்லை. அந்தத் துணிச்சலுக்காக ஆசிரியர் குழுவையும் பாராட்ட வேண்டும். 2005-இல் அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர்கள் சங்கம் நாற்பது ஆண்டுகளின் அட்டைகளில் இதற்கே முதலிடம் தந்தது. மரணம்தான் இந்தப் படத்துக்குக் கனம் சேர்த்தது என்பவர்களோடு நான் உடன்பட மாட்டேன். முதலில் எடுத்த போலராய்டைக் கையில் வாங்கிப் பார்த்தபோதே, எங்கள் உறவை அப்படியே பிடித்துவிட்டீர்கள் என்ற பொருளில் லெனன் சொன்னதை லீபோவிட்ஸ் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.