அமலுக்கு யார் பதில் சொன்னது?

தாகூரின் 'டாக் கர்' நாடகத்தை - தபாலாபீஸ் என்று தமிழில் சொல்லலாம் - நான் முதலில் படித்தது பி.ஏ. ஆங்கில வகுப்பில். பேராசிரியர் முதல் நாளே நோட்ஸ் கொடுத்துவிட்டார். அமல் என்பது ஜீவாத்மா, அவனை அடைத்து வைத்த வீடு உடல், ராஜா இறைவன், கடிதம் அழைப்பு. பரீட்சைக்கு அது போதுமானதாக இருந்தது. வங்கி வேலைக்கு வந்து பல வருஷங்களுக்குப் பிறகு அதை இரண்டாம் தடவை படித்தேன். அப்போது என் மகள் பக்கத்து அறையில் முகம் வீங்கித் தூங்கிக்கொண்டிருந்தாள். நோட்ஸ் உதவவில்லை.

ஆன்மீக வாசிப்புக்கு ஆதாரம் இல்லாமலில்லை. திறந்த வழியின் அழைப்பைக் கேட்டுவிட்ட ஆத்மாவைத்தான் அமலில் காட்டியிருப்பதாகத் தாகூரே ஆண்ட்ரூஸுக்கு எழுதிய கடிதமொன்றில் சொல்லியிருக்கிறார். 1913-இல் டப்ளினின் ஆபி தியேட்டரில் நாடகம் மேடையேறிற்று. ஆங்கிலப் பதிப்புக்கு முன்னுரை எழுதிய யேட்ஸும் ஏறக்குறைய இதே தளத்தில்தான் பேசுகிறார். இருக்கட்டும். ஆசிரியன் தன் படைப்பைப் பற்றிப் பின்னால் சொல்வது அந்தப் படைப்பின் ஒரு வாசகனுடைய அபிப்பிராயம். அதற்கு மேல் அதற்குச் சலுகை தர வேண்டியதில்லை. நாடகம் எழுதப்பட்டது 1911-இல். அதற்கு முந்தைய பத்து வருஷங்களுக்குள் தாகூரின் மனைவி இறந்தார் (1902). மகள் ரேணுகா காசநோயில் இறந்தாள் (1903). மகன் சமீந்திரநாத் காலராவில் இறந்தான் (1907). வாழ்க்கைச் சரித்திரத்தைக் கொண்டு படைப்பை விளக்குவது சோம்பேறித்தனம் என்று எனக்குத் தெரியும். ஆனால், நோயுற்ற மகளை அல்மோராவரை கொண்டுபோய் வைத்திருந்து காப்பாற்றப் பார்த்த ஒருவர் எழுதிய நாடகத்தில் நோய் வெறும் உருவகம்தான் என்று சொல்வது அதைவிடப் பெரிய சோம்பேறித்தனம்.

மேடையில் ஸ்தூலமாக நடப்பது என்ன? வெளியே போகக்கூடாதென்று வைத்தியர் அடைத்து வைத்த ஒரு குழந்தையுடன் பெரியவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து பேசுகிறார்கள். நாடகம் முழுவதும் அவ்வளவுதான். சம்பவங்கள் என்று எதுவுமில்லை. ஆகவே இந்த நாடகத்தை மதிப்பிட ஒரே கேள்வி போதும் என்று எனக்குப் படுகிறது: குழந்தை கேட்ட கேள்விக்கு யார் பதில் சொன்னது?

வளர்ப்புத் தந்தையான மாதவ் சொல்லவில்லை. முதல் காட்சியிலேயே அவனும் வைத்தியரும் அமல் இல்லாத இடத்தில் அமலின் ஆயுளைப் பேசி முடித்துவிடுகிறார்கள். பிறகு அமல் வருகிறான். அத்தை பருப்பு உடைக்கும் இடத்துக்கு, சிந்திய நொய்யை அணில் தின்கிற முற்றத்துக்குக்கூடப் போகக்கூடாதா என்று கேட்கிறான். மாதவ் அவனைப் பண்டிதனாக்கப் பார்க்கிறான். பண்டிதர்கள் வெளியே போகாமல் படித்துக்கொண்டிருப்பார்களாம். கேட்காத கேள்விக்குப் பதில். மாதவ் கெட்டவனல்ல. அவனுக்குப் பயம். தன் பயத்தைக் குழந்தையின் நன்மை என்று மொழிபெயர்த்துக்கொள்கிறான். வைத்தியரோ சாஸ்திரத்தோடு பேசுகிறார், குழந்தையோடு அல்ல. ஊர்த்தலைவன் எழுத்தே இல்லாத காகிதத்தை ராஜாவின் கடிதம் என்று நீட்டிக் கேலி செய்கிறான்.

தயிர்க்காரன் பதில் சொல்கிறான். உன் ஊர் எங்கே என்ற கேள்விக்கு மலையையும் ஆற்றையும் பெயரிட்டுச் சொல்கிறான். அந்த இரண்டு பெயர்களை வைத்துக்கொண்டு அமல் ஊரையே கட்டிவிடுகிறான் - பழைய மரங்கள், சிவந்த மண்பாதை, குடம் தூக்கிவரும் பெண்கள். காவற்காரனும் பதில் சொல்கிறான். அவன் அடிக்கும் மணி எதைச் சொல்கிறது என்று அமல் கேட்கும்போது, காலம் நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறது என்கிறான். எங்கே போகிறது? யாருக்கும் தெரியாத இடத்துக்கு; எல்லோரும் ஒருநாள் போக வேண்டிய இடத்துக்கு. சாவைப் பற்றி அமலிடம் நேராகப் பேசுவது கூலிக்கு மணியடிக்கும் இவன்தான். அமல் பயப்படவில்லை. அடுத்த கேள்வியைக் கேட்கிறான்.

இங்கு ஓர் ஆட்சேபம் எழலாம். தாகுர்தா என்கிற கிழவர் பக்கிரி வேஷத்தில் வந்து, இல்லாத தீவுகளைப் பற்றிக் கதை கட்டுகிறாரே, அது மட்டும் பொய்யில்லையா? இல்லை. கதைக்கும் பொய்க்கும் உள்ள வித்தியாசத்தை இந்த நாடகத்தைப் போல் தெளிவாகக் காட்டிய படைப்பு எனக்குத் தெரியவில்லை. கதையில் கேட்பவனுக்கும் இடம் உண்டு. அமல் அந்தத் தீவுக்குள் போகிறான், கூடவே கட்டுகிறான், கிழவரைக் கேள்வி கேட்கிறான். பொய்யில் சாவி சொல்பவன் கையில் மட்டும்தான். கேட்பவன் வெளியே நிற்க வேண்டும். குழந்தை வெளியே நிறுத்தப்பட்டதை உடனே தெரிந்துகொள்கிறது. ஏன் நிறுத்தப்பட்டோம் என்பதுதான் அதற்குத் தெரிவதில்லை.

என் வீட்டுக்கு வருகிறேன். என் மகளுக்கு ஐந்து வயதில் வந்தது நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம். சிறுநீரில் புரதம் வெளியேறி, உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும். காலையில் கண் இமை வீங்கியிருக்கும். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஸ்டீராய்டு மாத்திரையில் அடங்கிவிடும். அடங்கியவர்களில் பலருக்கு மறுபடி வரும். வளர வளர விட்டுப்போவதும் உண்டு. இதையெல்லாம் டாக்டர் எங்களிடம் சொன்னார். மகள் அப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வீக்கம் இருக்கும்வரை உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். சாப்பாடு ஏன் சப்பென்று இருக்கிறது என்று அவள் கேட்டபோது, "கடைல உப்பு தீந்துபோச்சு பாப்பா" என்றேன். வங்கியில் ஒரு ரூபாய் கணக்கில் இடித்தால் இரவு எட்டு மணிவரை உட்கார்ந்து தேடுகிறவன் நான்.

ஒரு வாரம் கழித்து அவளை மளிகைக் கடைக்கு அழைத்துப்போனேன். வாசலிலேயே கல்லுப்பு மூட்டை வாய் திறந்து இருந்தது. அவள் மூட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அன்று மாலை அவள் தன் பொம்மைக்குச் சோறு ஊட்டும்போது சொன்னது என் காதில் விழுந்தது: "உனக்கு ஒடம்பு சரியில்ல. அம்மாகிட்ட சொல்லாத. அழுவாங்க."

இதைத் தனிப்பட்ட சோகமாக இங்கே வைக்கவில்லை. 1978-இல் வெளிவந்த மைரா ப்ளூபாண்ட்-லாங்னரின் 'சாகும் குழந்தைகளின் அந்தரங்க உலகங்கள்' என்ற மானிடவியல் ஆய்வு இதையேதான் சொல்கிறது. ஓர் அமெரிக்க ஆஸ்பத்திரியில் ரத்தப் புற்றுநோய் வந்த சின்னக் குழந்தைகளுடன் அவர் இருந்து பார்த்தார். சாகப் போகிறோம் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மருந்தின் பெயர்களிலிருந்து, மற்றக் குழந்தைகளிடமிருந்து, பெரியவர்கள் சட்டென்று பேச்சை நிறுத்துவதிலிருந்து தெரிந்துகொண்டார்கள். தெரியும் என்பதைப் பெற்றோரிடமிருந்து மறைத்தார்கள். பெற்றோர் குழந்தையைக் காப்பாற்ற நடிக்கிறார்கள். குழந்தை பெற்றோரைக் காப்பாற்ற நடிக்கிறது. இந்தப் புத்தகத்தின் ஒரு பகுதியை அவர் கட்டுரையாக எழுதாமல் நாடகமாகவே எழுதியிருக்கிறார் என்பதை நான் தற்செயலாக நினைக்கவில்லை. இரு தரப்பும் வசனத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிற இடத்துக்கு அதைவிடப் பொருத்தமான உருவம் எது?

'டாக் கர்' சரித்திரத்தில் இன்னொரு மேடையேற்றம் இருக்கிறது. 1942 ஜூலை 18-இல், வார்ஸாவில் நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்திருந்த கெட்டோவில், யானுஷ் கோர்ச்சாக் நடத்திய அனாதை இல்லத்தில் குழந்தைகளே இதை நடித்தார்கள். கோர்ச்சாக் எழுத்தாளர் மட்டுமல்ல, குழந்தை மருத்துவர். நான்கு நாட்களில் கெட்டோவிலிருந்து ஆட்களை ரயிலேற்றுவது தொடங்கிற்று. ஆகஸ்ட் முதல் வாரத்தில் சுமார் 200 குழந்தைகளோடு அவரும் ட்ரெப்ளிங்காவுக்குக் கொண்டுபோகப்பட்டார். சாவை அமைதியாக ஏற்கக் குழந்தைகள் பழக வேண்டும் என்பதற்காகவே இந்த நாடகத்தைத் தேர்ந்தெடுத்ததாக அவர் சொன்னார் என்பார்கள். இந்தச் சம்பவத்தைச் சொல்லும்போது நம்மவர்கள் கண்ணீர் மல்கி, ஆத்மாவின் விடுதலைக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. பசியும் ஜுரமும் நிறைந்த அந்தக் கட்டிடத்தில் ஒரு டாக்டரிடம் கொடுக்க மருந்து இல்லை. பொய் சொல்ல வசதி இருந்தது. அவர் சொல்லவில்லை. குழந்தைகளைக் கதைக்குள் கூட்டிப்போனார்.

இவ்வளவும் சொன்ன பிறகு நாடகத்தின் மேல் எனக்குள்ள குறையையும் சொல்ல வேண்டும். கடைசியில் ராஜவைத்தியர் வருகிறார், கதவு ஜன்னல்களைத் திறக்கச் சொல்கிறார், விளக்கை அணைத்து நட்சத்திர வெளிச்சத்தை உள்ளே விடுகிறார். அமல் வலி இல்லை என்கிறான், தூங்கிவிடுகிறான். பூக்காரச் சிறுமி சுதா வந்து, தான் மறக்கவில்லை என்று அவன் காதில் சொல்லச் சொல்கிறாள். அழகுதான். ஆனால் இந்த அழகு யாருக்கு? சாகிற குழந்தையைப் பற்றி இலக்கியம் நிறையப் பேசியிருக்கிறது. சாவு பெரியவர்களுக்கு மௌனத்தைக் கொடுக்கிறது, மௌனம் கவிதையைக் கொடுக்கிறது. நோயோடு பிழைத்திருக்கும் குழந்தைக்குக் கவிதை போதாது. அதற்கு நாளைக் காலை பள்ளிக்கூடம் இருக்கிறது. ஸ்டீராய்டில் முகம் உப்பிப்போய், மற்றப் பிள்ளைகள் பூசணிக்காய் என்று கூப்பிடுகிறார்கள். அதற்கு வேண்டியது பெயர்கள். தயிர்க்காரன் தந்த மாதிரி, வைத்துக்கொண்டு ஊரைக் கட்டக்கூடிய பெயர்கள். அமலின் நோய்க்கு நாடகத்தில் கடைசிவரை யாரும் அவனிடம் பெயர் சொல்வதில்லை.

இரண்டாம் தடவை படித்து முடித்த வாரத்தில் நான் மகளிடம் சொன்னேன். நோயின் பெயரை முழுசாகச் சொன்னேன். முதுகுப் பக்கம் இரண்டு சல்லடை இருக்கிறது, அதில் ஓட்டை பெரிதாகிவிட்டது, உடம்புக்கு வேண்டியது ஒழுகிப் போகிறது, மாத்திரை அதைச் சரிசெய்யப் பார்க்கிறது, உப்பு தின்றால் தண்ணீர் தங்கிவிடும் என்றேன். எப்போது சரியாகும் என்றாள். தெரியவில்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டுக் கேட்டாள்: "நான் சாக்பீஸ் தின்னதாலயா?"

ஒரு வருஷமாக அவள் அதைத் தனியாக வைத்திருந்திருக்கிறாள். நாங்கள் பதில் சொல்லாமல் விட்ட இடத்தில் அவளே ஒரு பதிலை எழுதி, குற்றத்தைத் தன் பேரில் பற்று வைத்துக்கொண்டாள். நம் பொய் குழந்தையைப் பயத்திலிருந்து காப்பாற்றுகிறது என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

புள்ளிவிவரத்தை இலக்கியத்துக்குச் சாட்சியாகக் கூப்பிடும் பழக்கம் எனக்கில்லை. ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். புற்றுநோயில் குழந்தையை இழந்த ஸ்வீடன் பெற்றோர்களிடம் கேட்டு, 2004-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. குழந்தையோடு அதன் சாவைப் பற்றிப் பேசியவர்கள் 147 பேர். பேசியதற்காக வருந்தியவர் அவர்களில் ஒருவர்கூட இல்லை. பேசாத 258 பேரில் 69 பேர் வருந்தினார்கள். மீதிப் பேர் வருந்தவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லாக் குழந்தைக்கும் எல்லாவற்றையும் சொல்லியே தீரவேண்டும் என்பதல்ல என் வாதம். கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதுதான்.

இப்போது அவளுக்கு எட்டு வயது. காலையில் சிறுநீரில் பட்டையை நனைத்து, நிறம் பார்த்து நோட்டில் எழுதுவது அவள் வேலை. மஞ்சளாக இருந்தால் ஒன்றுமில்லை, பச்சையானால் புரதம். போன வாரம் பச்சையாயிற்று. அவளே வந்து சொன்னாள்: "அப்பா, மறுபடி ரெண்டு ப்ளஸ். அம்மாகிட்ட நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?"

இந்தக் கேள்விக்கு 'டாக் கர்' நாடகத்தில் இடமில்லை. நான் அதைக் குறையாகவே சொல்கிறேன்.