சாயம் எந்தக் கட்டத்தில் ஏறியது?

ஒரு அரசியல்வாதியை ஆங்கிலத்தில் ‘டைட்-இன்-த-வுல்’ என்று சொல்லக் கேட்டால், மனிதர் செத்துப்போனாரோ என்று பதறவேண்டாம். இந்த ‘டைட்’ சாயம் ஏறியது. நூலாகத் திரிக்குமுன், ஆட்டுமயிராக இருக்கும்போதே சாயத்தில் ஊறியது என்பது நேர்ப்பொருள். எந்தக் காற்றடித்தாலும் கட்சி மாறாதவர் என்பது வழக்கு.

சிறுகோடு போட்டு ஒட்டிய இத்தகைய ஆங்கில அடைமொழிகளை ரசிக்க ஒரு வழி உண்டு: அது எந்தப் பட்டறையில் பிறந்தது என்று விசாரியுங்கள். இது இங்கிலாந்தின் கம்பளித் தொழிலில் பிறந்தது. 16ஆம் நூற்றாண்டிலேயே மனிதருக்கும் ஏற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். மயிரிலேயே சாயமேற்றினால் ஒவ்வோர் இழையும் குடித்துவிடும். நெய்த துணியை முக்கினால் முறுக்கின் உள்ளே சாயம் சரியாக எட்டாது.

சாயம் ஊறுவது எப்படியென்று பார்க்கக் கம்பளி வேண்டியதில்லை. வில்பத்துவின் தெற்கு வாசலான எலுவன்குளத்துக்குப் போய், கலா ஓயா களப்போடு கலக்கும் கங்கேவாடியில் வள்ளம் ஏறுங்கள். இருகரையும் கண்டல். எங்காவது தானாக முறிந்த கிளை கிடந்தால் பட்டையின் உட்புறத்தைக் கவனியுங்கள், செம்மண் நிறமாக இருக்கும். (மரத்தில் மட்டும் கத்தி வைக்காதீர்கள்.) அந்தச் சிவப்புக்குக் காரணம் தனின் என்ற துவர்ப்புச் சத்து. நைலோன் வருமுன் இலங்கைக் கரையோரங்களில் பருத்தி வலைகளைக் கண்டல் பட்டை அவித்த சாற்றில் ஊறப்போட்டார்கள். அழகுக்காக அல்ல, உப்புத் தண்ணீரில் வலை உக்கிப்போகாமல் இருக்க. பிரித்தானிய மீனவர்களும் இதையே செய்தார்கள். அவர்கள் கப்பலில் தருவித்த சரக்குகளில் ஒன்று, நாம் வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டி!

ஆனால் வலை பின்னி முடித்த பிறகே சாற்றில் இறங்குகிறது. கடல் கழுவக் கழுவச் சாயம் வெளிறும், திரும்பத் திரும்ப ஊறப்போடவேண்டும். ஆகவே ஆங்கிலக் கணக்கில் அது ‘டைட்-இன்-த-வுல்’ ஆகாது. தேர்தலுக்குத் தேர்தல் புதுச்சாயம் ஏற்றிக்கொள்பவர்களுக்கு இந்த வலைதான் பொருத்தம். கம்பளிக்காரர்கள் அவர்களுக்கு ஏன் ஒரு சொல் செய்யாமல் விட்டார்களோ!

அடுத்து ‘பிராண்ட்-நியூ’வை எடுத்துப் பாருங்கள். கடையில் ஒட்டும் சின்னம் என்றுதான் பலர் நினைக்கிறோம். பழைய ஆங்கிலத்தில் ‘பிராண்ட்’ என்றால் எரிகிற கொள்ளி. மாட்டுக்குச் சுடும் குறியும் அதில் வந்ததுதான். ஆக, உலையிலிருந்து இப்போதுதான் இறங்கியது என்று பொருள். ஷேக்ஸ்பியர் நாடகங்களில் இதற்கு ‘ஃபயர்-நியூ’ என்றே வருகிறது.