கூலியும் பெயரும்

ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, திருச்சி புனித வளனார் கல்லூரியில் பயின்ற எழுத்தாளர் சுஜாதா, 'என் இனிய இயந்திரா'வில் பேசவும் சிந்திக்கவும் வல்ல இயந்திர நாயொன்றைப் படைத்தார். 2008இல் அவர் மறைந்தார். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, அவருடைய எழுத்துகளுக்கு 2068ஆம் ஆண்டின் இறுதிவரை காப்புண்டு. அன்றைய கற்பனை இன்று செயற்கை நுண்ணறிவாக உலவுகிறது. ஆனால் அது கற்றுக்கொள்ளும் நூல்களுக்கு உரியவரிடம் அனுமதி கேட்டவர் யார்?

இக்கேள்வி நீதிமன்றங்களை எட்டியுள்ளது. 2024 நவம்பரில் ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் ஓப்பன் ஏஐ மீது தில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2025 ஜூனில் அமெரிக்க நீதிபதியொருவர், விலைக்கு வாங்கிய நூல்களால் இயந்திரத்தைப் பயிற்றுவிப்பது நியாயமான பயன்பாடே என்றும், திருட்டுப் பிரதிகளைத் திரட்டி வைத்தது அவ்வாறாகாது என்றும் தீர்ப்பளித்தார். அவ்வழக்கில் ஆந்த்ரோபிக் நிறுவனம் ஏறத்தாழ 5 லட்சம் நூல்களுக்காக 150 கோடி டாலர் தர இசைந்தது.

இந்திய அரசு அமைத்த குழு 2025 டிசம்பரில் வெளியிட்ட முன்மொழிவு வேறு வழி செல்கிறது. சட்டப்படி கிட்டும் எழுத்துகள் அனைத்தையும் நிறுவனங்கள் பயன்படுத்தலாம். வருவாயில் ஒரு பங்கைப் பொது அமைப்பொன்றின் வழியே உரிமையாளருக்குச் செலுத்த வேண்டும். மறுக்கும் உரிமை எழுத்தாளருக்கில்லை. கூலியை மறவாத இம்முன்மொழிவு பாராட்டுக்குரியதே. எனினும் சம்மதத்தை அது கைவிட்டது. கூலியைக் கடந்து பெயரைப் பற்றி எண்ணவில்லை.

கல்வியை மறைப்பது பாவமன்றோ என நம்மவருள் சிலர் வினவக்கூடும். கற்பித்தல் கடமையே, அதைப் பிறர் எடுத்து விற்பதற்கு அக்கடமை அனுமதிச் சீட்டாகாது. 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு பேரவை, நூலாசிரியரின் உரிமை ஷரீஅத்தால் காக்கப்படுவது என்று முடிவு செய்தது. எழுத்தைப் பொதுவாக்கவும் நேரிய முறையுண்டு. 1949இல் சென்னை மாகாண அரசு பாரதியாரின் எழுத்துரிமையைப் பெற்றபோது அவர்தம் குடும்பத்தாருக்குத் தொகை வழங்கியது. பாடல்கள் மக்களுடையவை ஆயின. பாரதி என்னும் பெயர் அகலவில்லை.

ஹிஜ்ரி 911இல் மறைந்த இமாம் ஸுயூத்தி (ரஹ்), நூலாசிரியனையும் திருடனையும் வேறுபடுத்திக் காட்டவே தனிநூல் ஒன்று இயற்றினார்கள். அன்னாரின் முறையீடு விலை பற்றியதன்று. தாம் அரிதின் திரட்டியதைப் பெயர் கூறாது மற்றொருவர் தமதாக்கிக்கொண்டது பற்றியது. எங்கள் அரபுக் கல்லூரிகளில் பட்டத்தை 'ஸனது' என்கிறோம். ஹதீஸ்கலையில் அறிவிப்பாளர் தொடருக்கும் அதுவே பெயர். தொடர் அறுந்த செய்தியின் தரம் தாழும். இயந்திரம் தரும் விடை, பெரும்பாலும் தொடர் அறுந்த செய்தியே. எழுதியவர் உரிமை இழக்கிறார். படிப்பவரோ சரிபார்க்கும் வழியை இழக்கிறார்.

நமது சட்டத்தின் 57ஆம் பிரிவு, பதிப்புரிமையை விற்றபின்னும் 'இது என் ஆக்கம்' என உரைக்கும் உரிமை ஆசிரியருக்குண்டு என்கிறது. ஆயிரமாயிரம் நூல்களைக் கலந்து பேசும் இயந்திரம் ஒவ்வொரு சொல்லுக்கும் மூலம் காட்டல் அரிதே. ஆயின் எந்நூல்களைக் கற்றது எனப் பட்டியலிடுதல் அரிதன்று. பயிற்சிக்குரிய தரவின் சுருக்கத்தை வெளியிடுமாறு ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஆகஸ்ட் முதல் புதிய மாதிரிகளுக்கு விதித்துள்ளது. நம் முன்மொழிவிலும் இப்பட்டியலும் மறுக்கும் உரிமையும் இடம்பெற வேண்டும்.

சில நூறு படிகள் அச்சிட்டு, அவற்றையும் அன்பளிப்பாக வழங்கிவிடும் தமிழ் ஆசிரியருக்குப் பொது நிதியிலிருந்து வரும் பங்கு சொற்பமாகவே இருக்கும். அவர் பெற்ற கூலி பெரும்பாலும் அட்டையிலுள்ள பெயர் ஒன்றே. அதையும் பறித்தபின் எதற்கு விலை பேசுகிறோம்?